ராஜஸ்தானில் தேசியப் பூங்கா 3-ஆ, 5-ஆ? சரணாலயம், பூங்கா, காப்பகம் பற்றி ஒரு எளிய விளக்கம்

ராஜஸ்தானில் எத்தனை தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன என்று இணையத்தில் தேடினால் ஒரு பட்டியல் 3 என்று சொல்லும், இன்னொன்று 5 என்று சொல்லும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த இடத்தில் தலையைப் பிய்த்துக்கொள்வது வழக்கம். இரண்டுமே யாரோ சும்மா அடித்துவிட்ட எண்கள் இல்லை. அந்த 3 எப்படி வந்தது, 5 எப்படி வந்தது என்று பார்த்துவிட்டால், சரணாலயம் என்றால் என்ன, தேசியப் பூங்கா என்றால் என்ன என்பதில் முக்கால்வாசி விளங்கிவிடும்.

முதலில் பலருக்கும் இருக்கும் ஒரு தப்பான எண்ணத்தைக் களைந்துவிடலாம். பெரிய காடு என்றால் தேசியப் பூங்கா, சின்னது என்றால் சரணாலயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பரப்பளவுக்கும் இந்தப் பெயர்களுக்கும் சம்பந்தமே கிடையாது. பரத்பூரில் இருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்கா வெறும் 29 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் அது முழுமையான தேசியப் பூங்கா. ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இன்னொரு இடம் 3,162 சதுர கிலோமீட்டர், சட்டப்படி அது சரணாலயம். வேடிக்கை என்னவென்றால் அந்த இரண்டாவது இடத்தின் பெயரே 'பாலைவன தேசியப் பூங்கா'. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்தியாவில் இதற்கெல்லாம் அடிப்படை 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். வேட்டை இரண்டு இடத்திலும் தடை. வேறுபாடு எங்கே வருகிறது என்றால், அங்கே ஏற்கெனவே வாழ்கிற மனிதர்களின் உரிமை என்ன ஆகிறது என்பதில். ஓர் இடத்தைச் சரணாலயமாக அறிவிக்கும்போது மாவட்ட ஆட்சியர் அங்கே யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று விசாரிப்பார்: யாருடைய நிலம், யார் மாடு மேய்க்கிறார்கள், யார் விறகு எடுக்கிறார்கள், கோயிலுக்குப் போகும் பாதை எது என்று. விசாரித்த பிறகு, தலைமை வனவிலங்குக் காப்பாளரைக் கலந்துகொண்டு, சில உரிமைகள் தொடரட்டும் என்று விட்டுவிட அவருக்கு இடம் உண்டு. அதனால் சரணாலயத்துக்குள் கிராமம் இருக்கலாம், வயல் இருக்கலாம், கட்டுப்பாட்டோடு மேய்ச்சலும் நடக்கலாம். தேசியப் பூங்காவில் அந்த இடைவெளி கிடையாது. உள்ளே இருக்கும் எல்லா உரிமைகளும் தீர்க்கப்பட்டு நிலம் அரசின் கைக்கு வந்தாக வேண்டும், கால்நடை மேய்ச்சலுக்கு அனுமதியே இல்லை.

இதனால்தான் தேசியப் பூங்காவை அறிவிப்பது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில், இந்த இடத்தைத் தேசியப் பூங்காவாக்க உத்தேசித்திருக்கிறோம் என்று மாநில அரசு ஒரு அறிவிக்கை வெளியிடும். பிறகு உரிமைகளை எல்லாம் தீர்த்து, இழப்பீடு கொடுத்து, அது முடிந்த பின்னால்தான் இறுதி அறிவிக்கை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வருடமும் ஆகலாம், நாற்பது வருடமும் ஆகலாம். முடியாமலேயும் போகலாம்.

இப்போது 3-க்கும் 5-க்கும் வருவோம். ரணதம்போர், கேவலாதேவ், கோட்டா பக்கம் இருக்கும் முகுந்தரா மலைகள் ஆகிய மூன்றும் இரண்டாம் கட்டத்தைத் தாண்டியவை. சரிஸ்காவும் பாலைவன தேசியப் பூங்காவும் உத்தேச அறிவிக்கையோடு நின்றுபோனவை. பெயர்ப்பலகையைப் பார்த்து எண்ணினால் 5, அரசுக் கோப்புகளைப் பார்த்து எண்ணினால் 3. அவ்வளவுதான் விஷயம். இவை போக 25-க்கும் மேற்பட்ட சரணாலயங்கள் அந்த மாநிலத்தில் இருக்கின்றன.

ராஜஸ்தான் என்றாலே மணல்மேடும் ஒட்டகமும்தான் நம் மனதில் வரும், அங்கே புலி எப்படி என்று கேட்பவர்களும் உண்டு. தென்மேற்கிலிருந்து வடகிழக்காக மாநிலத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது ஆரவல்லி மலைத்தொடர். அதற்கு மேற்கே இருப்பது தார் பாலைவனம், மாநிலத்தின் பரப்பில் ஏறக்குறைய அறுபது சதவீதம். கிழக்கேயும் தெற்கேயும் இலையுதிர் காடுகள், சம்பல் ஆறு, ஏரிகள். புலிகள் எல்லாம் இந்தக் கிழக்குப் பக்கத்தில்தான். ரணதம்போர், சரிஸ்கா, முகுந்தரா, பூந்தியில் 2022-ல் வந்த ராம்கட் விஷ்தாரி, 2023-ல் வந்த தோல்பூர்-கரௌலி என்று ஐந்து புலிகள் காப்பகங்கள். பாலைவனப் பக்கத்தில் காப்பாற்ற வேண்டியவை முற்றிலும் வேறு. என்னைக் கேட்டால், இந்த மேற்குப் பக்கம்தான் சுவாரசியம் அதிகம். புலிக்குக் கிடைக்கும் விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஜெய்சல்மேரிலிருந்து பாலைவன தேசியப் பூங்காவுக்குள் போகிறவர்கள் எங்கும் மணல்மேடாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போவார்கள். மணல்மேடு அதில் ஒரு சிறு பகுதிதான். பெரும்பகுதி தட்டையான, கல்லும் மணலும் கலந்த புல்வெளி. சேவண் என்ற புல் கொத்துக் கொத்தாக நிற்கும். மிகக் குறைந்த மழையிலும் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் புல் அது, அந்த ஊர் மாடுகளுக்கும் அதுதான் உயிர்நாடி. அங்கங்கே நம் ஊரிலும் இருக்கும் வன்னி மரம், அதை அங்கே கேஜ்ரி என்பார்கள், மாநில மரமே அதுதான். சிங்காரா என்ற சிறு மான், பாலைவன நரி, பாலைவனப் பூனை, வளையில் வாழும் முள்வால் பல்லி, குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வரும் கழுகுகள் எல்லாம் இந்தப் புல்வெளியின் பிரஜைகள். மரம் இல்லாததால் ஒளிந்துகொள்ள இடம் இல்லை. இவற்றின் நிறமும் பழக்கமும் அந்தத் திறந்த வெளிக்கு ஏற்றாற்போல அமைந்தவை.

இவற்றில் எல்லோரும் தேடிப் போவது கானமயிலை. ஒரு மீட்டர் உயரம் நிற்கும் பறவை, ஆண் பறவை 15 கிலோவையும் தொடும், உலகில் பறக்கக்கூடிய பறவைகளிலேயே மிகக் கனமானவற்றில் ஒன்று. ஒரு காலத்தில் பஞ்சாப் முதல் தமிழ்நாடு வரை இருந்தது. இன்று காட்டில் மிஞ்சியிருப்பவை 150-க்கும் கீழே, அவற்றிலும் பெரும்பாலானவை ஜெய்சல்மேர் வட்டாரத்தில். பெண் பறவை வழக்கமாக ஒரே ஒரு முட்டைதான் இடும், அதுவும் கூடு எதுவும் கட்டாமல் வெறும் தரையில். ஒரு நாயோ நரியோ மாட்டின் குளம்போ போதும், அந்த வருடத்துக் கணக்கு முடிந்துவிடும்.

வேட்டை பல ஆண்டுகளுக்கு முன்பே தடை செய்யப்பட்டுவிட்டது. இப்போது அதைக் கொல்வது மின்கம்பி. இந்தப் பறவையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன, நேர் முன்னால் பார்க்கும் திறன் குறைவு. பறக்கும்போது தரையை நோட்டம் விட்டுக்கொண்டே போகும். கம்பி கண்ணில் படும் நேரத்தில் அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு சட்டென்று திரும்ப முடியாது. ஜெய்சல்மேரிலோ வெயிலுக்கும் காற்றுக்கும் குறைவில்லை, அதனால் சூரிய மின் நிலையங்களும் காற்றாலைகளும் குவிந்துவிட்டன. அவை தயாரிக்கும் மின்சாரம் கம்பி வழியாகத்தானே வெளியே போக வேண்டும்? 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கானமயில் வாழும் பகுதிகளில் கம்பிகளை முடிந்தவரை பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. செலவும் தொழில்நுட்பச் சிக்கலும் அதிகம் என்று அரசு முறையிட, 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. நிலக்கரிக்கு மாற்றாக வரும் நல்ல மின்சாரமே ஒரு பறவையின் கழுத்தைப் பிடிக்கிறது என்பதில் யாரைக் குறை சொல்வது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. கம்பிகளில் பளிச்சென்று தெரியும் தகடுகளைத் தொங்கவிடும் வேலையும் நடக்கிறது. இன்னொரு பக்கம், 2019 முதல் காட்டிலிருந்து முட்டைகளை எடுத்துவந்து சாம் என்ற இடத்தில் இருக்கும் மையத்தில் பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். 2024-ல் செயற்கைக் கருவூட்டல் மூலமாகவும் ஒரு குஞ்சு பொரித்தது.

சரி, இவ்வளவு முக்கியமான பறவை இருக்கும் இடத்தை ஏன் முழுத் தேசியப் பூங்காவாக்கிவிடக் கூடாது? உள்ளே பல பத்துக் கிராமங்கள் இருக்கின்றன, நிலத்தின் மிகச் சிறிய பகுதிதான் வனத்துறையின் கையில். அத்தனை பேரையும் கிளப்ப வேண்டும், அல்லது அவர்கள் ஆடுமாடுகளை நிறுத்த வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. கானமயில் அந்தக் கிராமங்களோடும் மந்தைகளோடும் சேர்ந்துதான் காலம் காலமாக வாழ்ந்திருக்கிறது. வனத்துறை அங்கங்கே வேலி போட்டு, அதற்குள் ஆடுமாடு வராமல் புல்லை வளர்த்து, முட்டையிட இடம் செய்து தருகிறது, வேலிக்கு வெளியே ஊர்க்காரர்களின் வாழ்க்கை நடக்கிறது. இது அரைகுறை ஏற்பாடு என்று தோன்றலாம். பரத்பூரில் நடந்ததைப் பார்த்தால் முழு ஏற்பாடு எப்போதும் நல்லது என்று சொல்ல மனம் வராது.

பரத்பூர் கேவலாதேவ் கதை சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பாடப்புத்தக உதாரணம். அது இயற்கையான சதுப்பு நிலமே கிடையாது. 18-ஆம் நூற்றாண்டில் மகாராஜா சூரஜ்மல் அஜான் என்ற அணையைக் கட்ட, அந்தத் தண்ணீர் தாழ்வான நிலத்தில் தேங்கி, பின்னாளில் அரச குடும்பம் வாத்து வேட்டை ஆடும் இடமாகியது. 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள். அந்த வேட்டைக் கணக்குகளைப் பொறித்த கல் இன்றும் பூங்காவுக்குள் நிற்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல அது பறவைகளின் இடமாக மாறி, 1980களின் தொடக்கத்தில் தேசியப் பூங்காவாகி, 1985-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது.

தேசியப் பூங்கா ஆனதும் சட்டப்படி மேய்ச்சல் நின்றாக வேண்டும். 1982-ல் எருமைகளை உள்ளே விடக் கூடாது என்று தடை வந்தது. சுற்றியுள்ள கிராமத்தினர் எதிர்த்தார்கள், போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. இத்தனைக்கும் பிறகு தண்ணீருக்குள் என்ன நடந்தது தெரியுமா? எருமைகள் தின்று கட்டுக்குள் வைத்திருந்த ஒருவகை நீர்ப்புல் தறிகெட்டு வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. திறந்த நீர் குறைந்தது, மீன் குறைந்தது, அதை நம்பி வரும் பறவைகளுக்கும் சிக்கல். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் 1980களில் அங்கே பத்தாண்டு ஆய்வு நடத்தி, எருமைகள் அந்தச் சதுப்பு நிலத்தின் ஓர் அங்கம் என்ற முடிவுக்கே வந்தது. ஆனால் சட்டம் சட்டம்தானே, தேசியப் பூங்காவில் மேய்ச்சலைத் திரும்ப அனுமதிக்க வழியில்லை. சரணாலயமாகவே விட்டிருந்தால் ஆட்சியரும் வனத்துறையும் உட்கார்ந்து ஒரு எண்ணிக்கை பேசி முடித்திருக்கலாம். பிற்காலத்தில் கிராமத்தினரை உள்ளே விட்டுப் புல் அறுக்கவும் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கவும் வைத்தார்கள், எருமை செய்த வேலையை மனிதர்கள் செய்தார்கள்.

கேவலாதேவின் இன்னொரு தலைவலி தண்ணீர். மனிதன் கட்டிய சதுப்பு நிலத்துக்கு மனிதன்தான் தண்ணீர் விட வேண்டும். கம்பீர் ஆற்றில் மேலே பாஞ்சனா அணை வந்த பிறகு விவசாயிகளுக்கும் பறவைகளுக்கும் போட்டி வந்தது. அப்புறம் வேறு வழிகளில், சம்பல் ஆற்றிலிருந்துகூடக் குழாய் போட்டு, தண்ணீர் கொண்டுவந்தார்கள். பூங்காவின் எல்லைக்குள் எத்தனை காவலர் நின்றாலும் தண்ணீர் எல்லைக்கு வெளியே இருந்துதானே வர வேண்டும். ஒரு காலத்தில் இந்த இடத்தின் அடையாளமாக இருந்த சைபீரியக் கொக்கு 2001-02 குளிர்காலத்துக்குப் பிறகு அங்கே வரவே இல்லை. வரும் வழியில் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பகுதிகளில் நடந்த வேட்டையும் அதற்கு ஒரு காரணம்.

சீமைக்கருவேலம் என்றதும் நமக்குப் பழைய பகைவனைப் பார்த்த மாதிரி இருக்கும். ராஜஸ்தானிலும் அதே கதைதான். பாலைவனத்தைப் பசுமையாக்குகிறோம் என்று கொண்டுவந்தார்கள், ஜோத்பூர் சமஸ்தானம் 1940-ல் அதை அரச மரியாதைக்குரிய செடியாகவே அறிவித்தது. இப்போது புல்வெளிகளை விழுங்குகிறது. இதில் புதிதாகப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: பாலைவனத்தில் மரம் நடுவது எப்போதும் நல்ல காரியம் ஆகாது. திறந்த புல்வெளியை நம்பி வாழும் உயிருக்கு மரக்கூட்டம் என்பது எதிரி ஒளியும் இடம். புல்வெளியைத் 'தரிசு' என்று வருவாய்க் கணக்கில் எழுதிவைத்ததும் இதே மனப்போக்குதான். தரிசுதானே என்று கால்வாயும் வயலும் மின் நிலையமும் முதலில் அங்கேதான் வரும். 1958-ல் தொடங்கிய இந்திரா காந்தி கால்வாய் பல லட்சம் பேருக்குத் தண்ணீர் கொடுத்தது, அதை யாரும் மறுக்க முடியாது. அது போன வழியெல்லாம் சேவண் புல் இருந்த இடம் கோதுமையும் கடுகுமாகியதும் உண்மை.

புல்வெளி எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க ஆசைப்பட்டால் சுரு மாவட்டத்தில் தால் சாப்பர் போங்கள். ஏழு சதுர கிலோமீட்டர் சொச்சம்தான், முன்பு பீகானேர் மகாராஜாவின் வேட்டைத் திடல். இன்று ஆயிரக்கணக்கான வெளிமான்கள், முறுக்கிய கொம்போடு கறுப்பும் வெள்ளையுமாக. கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டை நிலம். குளிர்காலத்தில் வடக்கே இருந்து வரும் பூனைப் பருந்துகள் மாலையானதும் கூட்டமாக அந்தப் புல்லுக்குள் தரையிலேயே இறங்கித் தூங்கும். இங்கேயும் சீமைக்கருவேலத்தை வெட்டி எடுத்துத்தான் புல்லை மீட்டார்கள். இடம் சின்னதாக இருப்பதால் மழை அதிகம் பெய்து வெள்ளம் நின்றாலும் கஷ்டம், பெய்யாமல் போனாலும் கஷ்டம், மான்களுக்கு ஒதுங்க வேறு இடம் இல்லை.

புலிகள் காப்பகம் என்பது இன்னொரு அடுக்கு. ஏற்கெனவே சரணாலயமாகவோ தேசியப் பூங்காவாகவோ இருக்கும் இடத்தின் மேல், மையப் பகுதி, அதைச் சுற்றி இடைநிலைப் பகுதி என்று பிரித்துப் போடுவது. 1973-ல் புலித் திட்டம் தொடங்கியபோதே ரணதம்போர் அதில் சேர்ந்துவிட்டது, சரிஸ்கா 1978-ல். ஆனால் அடுக்கடுக்காகப் பெயர் வைத்தால் மட்டும் புலி பிழைத்துவிடாது என்பதற்கும் சரிஸ்காவே சாட்சி. 2004-05 வாக்கில் அங்கே ஒரு புலிகூட மிச்சமில்லை என்று தெரியவந்தது, கள்ள வேட்டையில் அத்தனையும் போயிருந்தன. நாடே அதிர்ந்தது, சிபிஐ விசாரணை, பிரதமர் அமைத்த பணிக்குழு என்று பல நடந்தன, தேசியப் புலிகள் காப்பு ஆணையம் உருவானதற்கும் இது ஒரு காரணம். 2008 ஜூனில் ரணதம்போரிலிருந்து ஒரு புலியை ஹெலிகாப்டரில் ஏற்றிவந்து விட்டார்கள், அப்புறம் இன்னும் சில. இப்போது எண்ணிக்கை 40-ஐத் தாண்டிவிட்டது.

2002-ல் சட்டத்தைத் திருத்தி இரண்டு புதிய வகைகளைச் சேர்த்தார்கள். அரசு நிலத்தில் உள்ளூர் மக்களோடு பேசி அமைப்பது ஒன்று, மக்களே தங்கள் நிலத்தைத் தருவது மற்றொன்று. முதல் வகையில் ராஜஸ்தானில் நல்ல உதாரணங்கள் உண்டு. பாலி மாவட்டத்தில் ஜவாய் அணையைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளில் சிறுத்தைகளும், ரபாரி என்ற மேய்ச்சல் சமூகமும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிறார்கள். பீகானேர் அருகே ஜோர்பீடில் செத்த மாடுகளையும் ஒட்டகங்களையும் கொண்டுவந்து போடும் திடல் ஒன்று பிணந்தின்னிக் கழுகுகளின் காப்பிடம். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் குளிர்காலத்தில் அத்தனை கழுகுகளை ஒரே இடத்தில் இந்தியாவில் வேறு எங்கே பார்ப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

சட்டம் வருவதற்கு முன்பே அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வழியில் செய்துவைத்திருந்ததையும் சொல்லியாக வேண்டும். கோயிலின் பெயரால் விட்டுவைத்த மேய்ச்சல் காடுகளை ஓரண் என்பார்கள். அங்கே மரத்தில் கோடாரி வைக்கக் கூடாது, மாடு மேயலாம். நம்மூர்க் கோயில்காடு மாதிரிதான், பரப்பு பல மடங்கு பெரியது. பிஷ்னோய் சமூகம் மானையும் வன்னி மரத்தையும் உயிராக மதிக்கிறது. 1730-ல் ஜோத்பூர் அரசரின் ஆட்கள் மரம் வெட்ட வந்தபோது கேஜர்லி கிராமத்தில் அம்ருதா தேவி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிரை விட்டார், அவரைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர் இறந்தார்கள் என்பது அவர்கள் நினைவில் நிற்கும் கணக்கு. பலோதி பக்கம் கீச்சனில் ஊர்மக்கள் தானியம் போட்டே ஆயிரக்கணக்கான குர்ஜா கொக்குகளை வரவழைக்கிறார்கள், 2025-ல் அது முக்கியமான சதுப்பு நிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இந்த ஓரண்களில் பல வருவாய்க் கணக்கில் இன்னும் வெறும் தரிசாகவே பதிவாகியிருப்பதால் மின் நிலையங்களுக்குப் போய்விடுகின்றன, அதை எதிர்த்து ஜெய்சல்மேர் பக்கம் ஊர்மக்கள் நடைப்பயணம் வரை போயிருக்கிறார்கள்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். சம்பல் ஆற்றில் நீண்ட மூக்குள்ள கரியல் முதலைகளுக்கான சரணாலயம் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் மூன்றுக்கும் பொது. தெற்கே சீதாமாதாவில் பறக்கும் அணில், கும்பல்கட்டில் ஓநாய், மவுண்ட் அபுவில் கரடி.

நேரில் போக நினைப்பவர்களுக்கு: ரணதம்போரின் முக்கிய மண்டலங்கள் ஜூலை முதல் செப்டம்பர் வரை மூடியிருக்கும், மற்ற மாதங்களில் வண்டிக்கு முன்பதிவு செய்யாமல் போனால் வாசலில் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். புலி பார்க்க ஏப்ரல், மே வெயில்தான் நல்லது, தண்ணீரைத் தேடி வெளியே வரும். கேவலாதேவுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை, சைக்கிள் ரிக்‌ஷா எடுத்துக்கொள்ளுங்கள், ஓட்டுபவர்களில் பலருக்குப் பறவைகளின் பெயர் அத்துபடி. ஜெய்சல்மேர் பக்கமும் அதே மாதங்கள்தான், இரவில் குளிர் எலும்பைத் துளைக்கும், ஸ்வெட்டரை மறக்க வேண்டாம். கானமயிலைப் பார்த்தால் வண்டியை விட்டு இறங்காமல் இருந்த இடத்திலிருந்தே பாருங்கள், முட்டையிடும் காலத்தில் பக்கத்தில் போனால் பறவை இடத்தை விட்டே போய்விடும்.